பிங் வரலையா? கேபிளை வெட்டாதீங்க!

நெட்வொர்க் பழுது பார்த்துப் பழக பெரிய லேப் தேவையில்லை. சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். அதில் அண்ணன் எதையாவது கெடுத்து வைப்பான், நான் கண்டுபிடிக்கணும். முதலில் 127.0.0.1, பிறகு என் ஐ.பி., அப்புறம் அடுத்த கணினி என வரிசையாகப் பிங் செய்வேன். ஒருநாள் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.240 என்று மாற்றிவிட்டான். 192.168.1.2-க்கு 192.168.1.20 வேற ஊர் ஆகிப்போச்சு!

பிறகு வீட்டிலிருந்த இரண்டு பழைய கணினிகளை ஒரு ஸ்விட்சில் இணைத்தோம். முகவரிகள் எல்லாம் சரி. ஆனால் பிங் வரலை. "கேபிள்தான் போச்சு" என்று அவசரப்பட்டு நல்ல முனையை வெட்டிட்டேன். புதுசு மாட்டியும் அதே கதை.

பிங் செய்த கையோடு அண்ணன் 'ஆர்ப் -ஏ' கட்டளை கொடுத்தான். எதிர்க் கணினியின் மேக் முகவரி வந்தது. அது வருதுன்னா கேபிள் நல்லாத்தானே இருக்கு? அந்தக் கணினியின் விண்டோஸ் ஃபயர்வால்தான் பிங்கைத் தடுத்திருக்கு! பாக்கெட் ட்ரேசர் கணினிகளில் ஃபயர்வால் தொடக்கத்தில் அணைந்தே இருப்பதால் எனக்கு இது தோணவே இல்லை. பிங்கை மட்டும் அனுமதித்தோம். நான்கு பதில்களும் வந்தன.

கேபிள் இப்போ ஒரு சாண் குட்டை. மேசையை நகர்த்திப் போட்டிருக்கோம்.

– 12ஆம் வகுப்பு மாணவன்