தோளுக்குள் உருளும் மணிகள்!

தோள்பட்டை வலி என்றாலே, "வாயுப் பிடிப்புதான், தைலம் போட்டு உருவினா சரியாயிடும்" என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். பல சமயம் சரியாகவும் போய்விடும். ஆனால் கையைச் சுழற்றும்போது உள்ளே 'கடகட'வென்று சத்தம், பாதியில் கை மாட்டிக்கொண்டு நின்று பிறகு விடுபடுவது... இப்படி இருந்தால் தைல பாட்டிலை ஓரமாக வையுங்கள்.

இது 'சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ்' என்ற அபூர்வமான கோளாறாக இருக்கலாம். பெயரைக் கேட்டு பயந்துவிடாதீர்கள். இது புற்றுநோய் அல்ல.

மூட்டின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. வண்டிச் சக்கரத்துக்கு மசகு மாதிரி, மூட்டுக்கு வழவழப்பான நீரைச் சுரப்பது அதன் வேலை. அந்தச் சவ்வே குருத்தெலும்பு முடிச்சுகளை உண்டாக்கி, அவை மணி மணியாக மூட்டுக்குள் உதிர்கின்றன. மூட்டு நீரிலிருந்தே ஊட்டம் பெற்று வளரவும் செய்கின்றன. 30 முதல் 50 வயது ஆண்களிடம் அதிகம். முழங்காலில்தான் பெரும்பாலும் வரும், தோளில் அபூர்வம்.

சுண்ணாம்புச் சத்து படிந்த மணிகள்தான் எக்ஸ்ரேயில் தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் கை மாட்டிக்கொள்கிறதா? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படலாம்.

"கஷாயத்துல கரைச்சிட முடியாதா டாக்டர்?"

முடியாது. கும்பவாதத்துக்குத் தைலமும் தொக்கணமும் கொடுப்பவன்தான் நான். ஆனால் உதிர்ந்த குருத்தெலும்பு எந்த மருந்துக்கும் கரையாது. அழுத்திப் பிடித்துவிட்டால் மணிகள் உராய்ந்து மூட்டுதான் தேயும். நாளாக நாளாக நிரந்தரத் தேய்மானம்!

இதற்கு வழி ஆர்த்ராஸ்கோப்பி. மயக்கம் கொடுத்து, தோளில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. உப்பு நீரைச் செலுத்தி மூட்டை விரித்து, திரையில் பார்த்துக்கொண்டே மணிகளை எடுப்பார்கள். கெட்டுப்போன சவ்வையும் சீவி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புஜத் தசைநாரின் உறைக்குள் மணிகள் ஒளிந்திருந்தால், திறந்து செய்யும் ஆபரேஷனும் தேவைப்படலாம்.

சிலருக்கு இது திரும்ப வரும். மிக அரிதாகப் புற்றாக மாறுவதும் உண்டு. ஆகவே, "வலி போயிடுச்சே" என்று மறு பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியையும் விடாமல் செய்யுங்கள். இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும்.

தைலம் எப்போது? காயம் நன்றாக ஆறி, ஆபரேஷன் செய்த டாக்டர் "சரி" என்ற பிறகுதான்.