கதவைத் தட்டும் கருவிகள்

குக்கர் விசில் அடித்தால்தான் அம்மா அடுப்பருகே செல்வார். அதுவரை காய்கறி நறுக்குவார். நிமிடத்திற்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை எதுவும் நடக்காது. கணினியின் செயலியும் இப்படித்தான் இயங்குகிறது. வலையமைப்பு அட்டைக்குத் தகவல் வந்து சேர்ந்ததும், அந்த அட்டை செயலிக்கு ஒரு மின்குறிப்பை அனுப்பும். இதற்குக் ‘குறுக்கீடு’ என்று பெயர். செயலி தன் வேலையை நிறுத்திவைத்துவிட்டு அட்டையைக் கவனிக்கும். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒரு கருவியைக் கையாளத் தெரிந்த நிரலே ‘இயக்கி’ ஆகும். பல இயங்குதளங்களில், இயக்கிகள் பெரும்பாலும் ‘கருநிரல்’ எனப்படும் மையப்பகுதிக்குள்ளேயே இடம்பெறுகின்றன. அங்கே அவற்றுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. அதனால், ஒலி அட்டையின் இயக்கியில் இருக்கும் சிறு பிழைகூடக் கணினி முழுவதையும் முடக்கிவிடலாம். சேமிக்காத கட்டுரை போனது போனதுதான்!

நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமும் அவருடைய குழுவினரும் 2005ஆம் ஆண்டில் மினிக்ஸ் 3 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டனர். அதில் இயக்கிகள் கருநிரலுக்கு வெளியே, சாதாரண நிரல்களைப் போலவே இயங்குகின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. குறுக்கீட்டை முதலில் பெறுவது கருநிரல்தான். ஆனால், கருவியை அமைதிப்படுத்தும் வழி இயக்கிக்கு மட்டுமே தெரியும். இயக்கியோ வெளியே தன் முறைக்காகக் காத்திருக்கிறது. பல கருவிகள், தங்களைக் கவனிக்கும்வரை குறிப்பை நிறுத்துவதில்லை. செயலி வேலைக்குத் திரும்பிய மறுகணமே மீண்டும் குறுக்கீடு வரும். இப்படியே தொடர்ந்தால் இயக்கிக்கு முறையே வராது.

இதற்கு மினிக்ஸ் 3 கண்ட வழி எளிமையானது. கருநிரல் அந்தக் குறுக்கீட்டுத் தடத்தைத் தற்காலிகமாக மூடிவிட்டு, இயக்கிக்கு ஒரு செய்தி அனுப்பும். இயக்கி கருவியைக் கவனித்து முடித்ததும், தடத்தைத் திறக்கச் சொல்லும். வேறொரு கருவியும் அதே தடத்தைப் பயன்படுத்தினால், பாவம், அதுவும் அதுவரை காத்திருக்க வேண்டும். செய்தி போய்வருவதால் சற்றுத் தாமதமும் உண்டு. அடிக்கடி முடங்கும் கணினியோடு ஒப்பிட்டால், இந்தத் தாமதம் பெரிய விலையன்று.

இயக்கி நடுவழியில் செயலிழந்தால் என்ன ஆகும்? அதைக் கண்காணிக்கவே ஒரு தனி நிரல் உண்டு. ‘மறுபிறவி’ என்னும் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். செயலிழந்த இயக்கியை நீக்கிவிட்டு, அது புதிய இயக்கியைத் தொடங்கும். புதிய இயக்கி தன் தடத்தைக் கேட்டுப் பெற்று, அடுத்த குறுக்கீட்டுக்காகக் காத்திருக்கும்.