தெருவின் காற்று

திருமலையில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றின் தரத்தை அளக்கிறது. ஆனால், மலைமேல் அளந்த அளவு அடிவாரத்துத் திருப்பதிப் பேருந்து நிலையத்தின் புகையைக் காட்டாது. அருகிலுள்ள சித்தூரோ, தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் காற்று மாசு மிகுந்த நகரங்களுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. அங்கும் தெருவுக்குத் தெரு காற்று வேறுபடும்.

மலை சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த நகரம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். காற்று தேங்கும் அந்நகரில், 2015இல் தன்னார்வலர்கள் தாமே அளக்கத் தொடங்கினர். உணரி எனப்படும் சிறு சென்சாரை வீட்டுச் சாளரத்தில் பொருத்தி, அளவுகளை இணையவழி ஒரே வரைபடத்தில் சேர்த்தனர். உணரிக்குள் விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும். அச்சிதறலே துகளின் அளவைக் கூறும். 2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் சிறியனவுமான துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஒரு கனமீட்டர் காற்றில் அவற்றின் ஒருநாள் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது இந்திய விதி. உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவோ 15 மட்டுமே.

மலிவான உணரி மார்கழிப் பனித்துளியையும் தூசியென்றே எண்ணிவிடும்! அரசு நிலையத்தின் அருகே சில நாள் வைத்து ஒப்பிட்ட பின்னரே அதன் எண்ணை நம்பலாம். அவ்வாறு சரிபார்த்த உணரி பள்ளி வாயிலில் இருப்பின், மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர் எத்தகைய காற்றைச் சுவாசிக்கின்றனர் என்பது அப்போதே தெரியும்.