உணர்ச்சியற்ற தேமலும் அதன் பரிசோதனையும்

உடம்பில் தோன்றும் தேமல் யாவும் குஷ்டம் எனப்படும் தொழுநோய் அன்று. ஆயினும், வெளுத்தோ சிவந்தோ காணப்படும் தேமலில் தொடுவுணர்ச்சி குன்றியிருப்பின் அதனை அசட்டை செய்தல் கூடாது. அரிப்பும் நோவும் இன்மையால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிய பின்னரே வைத்தியரை நாடுகின்றனர். நெடுநாள் கெட்ட நரம்பை மீட்பது அரிது. ஆகவே, நோயை உரிய காலத்தில் அறியும் முறைகளைக் கிராமத்தார் தெரிந்திருத்தல் அவசியம்.

1. பார்வையும் தொடுதலும்

வைத்தியர் நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுவதையும் பார்வையிடுவார். நோயாளி கண்களை மூடியிருக்க, பஞ்சுத் திரியால் தேமலைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார். முழங்கை முதலிய இடங்களில் நரம்பு தடித்துள்ளதா என்று விரலால் தடவி அறிவார்.

2. சருமச் சுரண்டல்

இந்நோயின் கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். அதனை ஆய்வுசாலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துக் காண இயலாது. சருமத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். காது மடலிலும் தேமலிலும் சருமத்தை விரல்களால் இறுகப் பிடித்து, சுமார் 5 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் ஆழமும் கீறிச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவுவர். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் 1,000 மடங்கு பெருக்கிப் பார்க்க, நீலத்தினிடையே கிருமிகள் செந்நிறக் கோல்களாகத் தோன்றும். அவற்றின் மிகுதி 0 முதல் 6 வரையுள்ள படிகளால் குறிக்கப்படும்.

கிருமி காணவில்லை என்ற முடிவு, நோயில்லை என்பதற்கு அத்தாட்சியாகாது. கிருமி குறைந்த வகையில் சுரண்டலில் ஒன்றும் அகப்படாமையே வழக்கம்.

3. திசுப் பரிசோதனை

ஐயம் நீங்காவிடில், மரத்துப்போகும் மருந்திட்டு, தேமலின் ஓரத்தில் சிறு துண்டுச் சருமம் எடுக்கப்படும். அதனை மெழுகிற் பதித்து, மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு கனமுள்ள தகடுகளாகச் சீவிப் பார்ப்பர். அணுக்கள் திரண்டு நரம்பிழையை அழிப்பது காணப்படின், நோய் பெரும்பாலும் உறுதியாகும்.

4. தொடர்ந்து கவனித்தல்

நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் கூட்டு மருந்து உட்கொள்ளவேண்டும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் எடுத்த புகைப்படங்களால் தேமலின் மாறுதலும், ஒலியலைப் படத்தால் நரம்பின் தடிப்பும் அறியப்படும். இறந்த கிருமிகளும் சாயமேற்பதால், சுரண்டற் கணக்கு மெதுவாகவே இறங்கும், அதுகண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினாலும், நரம்பு நோவெடுத்தாலும், கைகால் தளர்ந்தாலும் அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். மருந்து முடிந்த பின்னரும் இவை தோன்றுதல் உண்டு.

அங்கத்தினர் கடமை

தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க இடந்தந்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. மருந்துண்ணத் தொடங்கியவரால் விரைவிலேயே பிறர்க்குத் தொற்றுவதில்லை. அவரைச் சங்கக் கூட்டத்தினின்றும் தொழிலினின்றும் விலக்கினால், ஏனையோர் தத்தம் தேமலை மறைப்பர். மறைத்த தேமலே கையைக் கொள்ளைகொள்ளும். குடும்பத்தில் ஒருவர்க்கு நோய் காணின் யாவரும் பரிசோதனை செய்துகொள்ளல் நன்று.