பழைய சுவரும் புதிய வண்ணமும்



'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சுவரைப் பற்றியும், அதன்மேல் ஏறும் வண்ணத்தைப் பற்றியும் இவ்வாண்டு மலரில் சிறிது சிந்திப்போம்.

ஒரு நகரத்தைத் தொலைவிலிருந்து நோக்கினால், கட்டடங்களின் உச்சிகள் வானத்தின்மீது ஒரு கோடு கிழித்தாற்போல் தோன்றும். அதனை நகரின் வான்விளிம்பு எனலாம். புதிய மாடிகள் எழுந்தால் அக்கோடு மாறும் என்பதை யாவரும் அறிவோம். ஒரு செங்கல்லும் கூட்டாமல், சாயத்தால் மட்டுமே நகரின் தோற்றம் மாறுமா? மாறும் என்பதற்கு இரு நகரங்கள் சான்று பகர்கின்றன.

முதலாவது மலாக்கா. 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து அந்நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர், ஸ்டாட்ஹைஸ் என்னும் ஆட்சி மாளிகையை எழுப்பினர். அதன் அருகிலுள்ள கிறிஸ்து தேவாலயம் 1753இல் நிறைவுற்றது. இவை கட்டப்பட்ட காலத்திலேயே சிவப்பாக இருந்தன என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. முன்பு அவை வெண்ணிறமாகவே இருந்தன; ஆங்கிலேயர் ஆட்சியில், 1911இல்தான் சிவப்புச் சாயம் பெற்றன. வெற்றிலை போடுவோர் வெள்ளைச் சுவரில் உமிழ்ந்தமையால் சிவப்பு பூசினர் என ஒரு கதையும் வழங்குகின்றது. கேட்பதற்குச் சுவையாக இருப்பினும், கதையை வரலாறாக எழுதிவிடலாகாது.

இம்மாற்றத்தின் பயன் யாது? நம் நாட்டு வானம் பெரும்பாலும் வெளிறிய ஒளியுடையது. அதன் முன் வெள்ளைச் சுவர் கரைந்து மங்கித் தோன்றும். சிவப்போ விலகி நிற்கும். அன்றியும், இக்கட்டடங்களுக்குப் பின்னே பசுமையான செயின்ட் பால் குன்று இருக்கின்றது. சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். அருகருகே நின்றால் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். மேலும், மாளிகையும் தேவாலயமும் 1886இல் எழுந்த மணிக்கூண்டும் வெவ்வேறு காலத்தவை. ஆயினும் ஒரே நிறம் அவற்றை ஒரு குடும்பமாக்கிவிட்டது. 2008இல் மலாக்கா உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அந்நகரை நினைப்பவர் மனத்தில் முதலில் எழுவது அச்சிவப்பே.

இரண்டாவது சிங்கப்பூர். ஹில் ஸ்திரீட் சாலையில், ஆற்றின் அருகே 1934இல் ஆறு மாடிகளுடன் ஒரு காவல் நிலையமும் காவலர் குடியிருப்பும் கட்டப்பட்டன. அந்நாளில் அதுவே நெடிய கட்டடங்களுள் ஒன்று. பின்னர் நகர நடுவில் 280 மீட்டர் உயரக் கோபுரங்கள் எழுந்தன. ஆறு மாடி சிறியதாயிற்று. 1998இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நடந்த புதுப்பிப்பில் 927 சன்னல்களுக்கும் வானவில்லின் வண்ணங்கள் தீட்டப்பட்டன. சுவர் அடக்கமாகவே இருக்க, சன்னல்கள் பேசின. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவிலும் வழிப்போக்கரின் கண் அங்கே சென்று தங்குகின்றது. உயரத்தால் இழந்த இடத்தை வண்ணத்தால் மீட்டது அக்கட்டடம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய கட்டடங்கள் பல சுண்ணாம்புச் சாந்தினால் ஆனவை. அச்சுவர் மழை ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும் இயல்புடையது. சுண்ணாம்பு வெள்ளை அதனைத் தடுப்பதில்லை. நீர்புகாத புதுவகைச் சாயத்தைக் கெட்டியாகப் பூசினால், உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். உப்புப் பூத்து, பூச்சு கொப்புளித்து, ஈற்றில் காரையும் உதிரும். ஆதலின் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்குமுன் சுவரின் இயல்பை அறிதல் வேண்டும். பலர் உரிமை கொண்டாடும் கட்டடமாயின், உரியவர்களின் ஒப்புதலும் பெறுதல் வேண்டும். பத்துமலையின் 272 படிகளுக்கும் 2018இல் பல வண்ணம் தீட்டியபொழுது, பாரம்பரியத் துறையின் அனுமதி குறித்துக் கேள்வி எழுந்ததை நாடே அறியும். இன்று அப்படிகளைக் காணவே மக்கள் திரள்கின்றனர் என்பதும் உண்மை. அழகும் நெறியும் இணைந்து செல்வதே சிறப்பு.

இவையெல்லாம் நகரத்துச் செய்திகள், தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கென்ன என்று எண்ணற்க. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்த இடங்கள் பலவற்றில் எஞ்சி நிற்பவை கோயிலும் பள்ளியுமே. நம் பாட்டன்மார் நடந்த பாதையை நமக்குக் காட்டுவன அவ்விரண்டுதாம். வானுயர்ந்த கோபுரம் நம்மிடம் இல்லாமற்போகலாம். ஆயினும் செம்பனை மரங்களுக்கு மேலே தெரியும் கோயில் விமானமும், பள்ளியின் தகரக் கூரையுமே நம் வான்விளிம்பு. விழா வருகிறதென்று விரிசலின்மேல் சாயம் பூசி மறைத்தால், விருந்தினர் மகிழ்வர், சுவர் மகிழாது. முதலில் ஒழுகலை அடைப்போம், விரிசலைச் சீர்செய்வோம், பின்னர் வண்ணம் தீட்டுவோம். பழைய நிறம் யாதென்று முதியோரைக் கேட்டு எழுதி வைத்த பிறகே புதிய நிறம் ஏற்றுவோம்.

மாணவர்களே, பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்:

1. உங்கள் ஊரின் வான்விளிம்பைச் சற்றுத் தொலைவில் நின்று ஒரே கோட்டில் வரைக.

2. அதில் முதலில் கண்ணிற்படுவது எது? உயரத்தாலா, நிறத்தாலா எனக் கூறுக.

3. ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்று, முன்பு என்ன நிறத்தில் இருந்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

சுவரைக் காப்போம், அதன்பின் சித்திரம் எழுதுவோம்.