கடினமான முதலாளியும் கலங்காத ஆசிரியரும்

வேலை கடினமாக இருப்பது ஒரு துன்பம். வேலை தருபவர் கடினமானவராக இருப்பது வேறொரு துன்பம். முதலாவதை உழைப்பால் வென்றுவிடலாம். இரண்டாவதை வெல்ல உழைப்பு மட்டும் போதாது, விவேகமும் வேண்டும். சொந்த ஊரில் இத்தகைய துன்பம் நேரும்போது மாலையில் வீடு திரும்பி மனச்சுமையை இறக்கி வைக்க உற்றார் உறவினர் இருப்பர். மொழி தெரியாத நாட்டில், முதலாளி ஏற்பாடு செய்து தந்த அறையிலேயே தங்கி, அவர் பெயரால் கிடைத்த விசாவிலேயே வாழும் ஒருவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஆகவே வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் ஆசிரியரின் நிலையை எடுத்துக்கொண்டு, கடினமான முதலாளியிடம் பணிபுரிவது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

தென் கொரியாவை உதாரணமாகக் கொள்வோம். அந்நாட்டில் 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் பயிற்சிக் கூடங்கள் தெருவுக்குத் தெரு உள்ளன. பள்ளி முடிந்ததும் குழந்தைகள் அங்கே செல்கின்றனர். மாலையிலும் இரவிலும் பாடங்கள் நடைபெறுகின்றன. தலைநகர் சியோலில் இரவு 10 மணிக்கு மேல் இவை வகுப்பு நடத்தக் கூடாது என்று விதி வகுக்க வேண்டியிருந்தது என்றால், அங்குள்ள கல்விப் போட்டியின் வேகத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இக்கூடங்களில் ஆங்கிலம் கற்பிக்க அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவர் 'இ-2' விசாவில் வருகின்றனர். 2010 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின்படி, தகுதியுள்ள இந்தியர்களும் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகப் பணியாற்ற வழி ஏற்பட்டது.

துன்பத்தின் வேர்

ஆசிரியருக்கும் கூடத்தின் தலைவருக்கும் இடையிலான உறவு ஏன் எளிதில் கசந்துபோகிறது? தலைவரைக் கொரியர்கள் 'வொன்ஜாங்' என்பர். அவர் கல்வியாளராகவும் இருக்கிறார், வணிகராகவும் இருக்கிறார். ஒரு தாய் மனம் மாறினால் மறு மாதமே குழந்தை எதிர்த் தெருவிலுள்ள வேறொரு கூடத்துக்குப் போய்விடும். இந்த அச்சம் அவருக்கு ஓயாது இருந்துகொண்டே இருக்கிறது. அது மேலிருந்து கீழாக வழிந்து ஆசிரியரிடம் கோபமாக வந்து சேர்கிறது.

மறுபுறம் ஆசிரியர் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர். அவருடைய விசா அந்தப் பணியிடத்தோடு பிணைந்தது. ஒப்பந்தக் காலத்தின் நடுவே வேறு கூடத்துக்கு மாற வேண்டுமானால் முதலாளியின் இசைவுக் கடிதம் பொதுவாகத் தேவைப்படுகிறது. அச்சத்தில் வாழும் ஒருவர் கையில் மற்றொருவரின் வாழ்வு சிக்கியிருப்பதே இந்த உறவின் அமைப்பு. இதைப் புரிந்துகொள்வதால் முதலாளியின் தவறு சரியாகிவிடாது. ஆனால் 'இவர் என்னை மட்டும் வெறுக்கிறார்' என்ற எண்ணம் விலகும். மனத்தின் புண்ணில் பாதி அப்போதே ஆறிவிடும்.

மூன்றையும் பிரித்தறிதல்

விவேகம் என்பது கலந்து கிடப்பவற்றைப் பிரித்துக் காண்பது. முதலாளியிடமிருந்து வரும் துன்பங்கள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வழக்க வேறுபாடு. நாளைய மாற்றத்தை இன்று மாலையில்தான் அறிவிப்பது, வயதிலும் பதவியிலும் மூத்தவரைப் பிறர் முன்னிலையில் மறுத்துப் பேசக் கூடாது என்பது, மனத்தில் உள்ளதை நேரே சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவது போன்றவை இவ்வகையின. இவை அநீதி அல்ல. விருந்தினராகச் சென்றவர் வீட்டின் முறையைக் கற்றுக்கொள்வதுதான் பண்பு. தம் கருத்தைக் கூட்டத்தில் சொல்லாமல், தனியே, பணிவோடு சொல்லிப் பார்த்தால் அதே தலைவர் செவிமடுப்பதை ஆசிரியர் காணலாம்.

இரண்டாவது, சுபாவக் குறை. முன்கோபம், நன்றி சொல்லாமை, ஐயப்படும் இயல்பு ஆகியவை எந்த நாட்டு மனிதரிடமும் உண்டு. இங்கே தேவைப்படுவது சகிப்புத்தன்மை. நம் சாத்திரங்கள் இதனைத் திதிட்சை என்று கூறும். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே குமுறுவது திதிட்சை ஆகாது. பதிலுக்குத் துன்பம் செய்யும் எண்ணமும், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்ற புலம்பலும் இன்றித் தாங்குவதே அது.

மூன்றாவது, அநீதி. ஊதியத்தைத் தராமல் இழுத்தடிப்பது, ஓய்வூதியத்துக்கெனப் பிடித்த பணத்தை உரிய நிதியில் செலுத்தாமல் விடுவது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, ஓராண்டு நிறைவடையச் சில வாரங்களே இருக்கும்போது காரணமின்றி நீக்குவது ஆகியவை இதில் அடங்கும். 'அந்நாட்டின் பண்பாடே இப்படித்தான்' என்று இதைப் பொறுத்துக்கொள்வது பிழை. கொரியர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். ஒப்பந்தப் பத்திரங்களில் முதல் தரப்பாரைக் 'காப்' என்றும் இரண்டாம் தரப்பாரை 'உல்' என்றும் குறிப்பது அங்குள்ள வழக்கம். முதல் தரப்பார் தம் பலத்தைக் கொண்டு மற்றவரைச் சிறுமைப்படுத்துவதற்குக் 'காப்ஜில்' என்று பெயர், அது பழிச்சொல். 2014 டிசம்பரில், பருப்பைத் தட்டில் வைத்துத் தராமல் பொட்டலமாகத் தந்தார்கள் என்பதற்காக, ஒரு விமான நிறுவனத்தின் துணைத் தலைவர் நியூயார்க்கில் புறப்படவிருந்த விமானத்தையே திருப்பச் செய்தபோது, அவரை மிகக் கடுமையாகக் கண்டித்தவர்கள் கொரிய மக்களே. 2019 ஜூலை 16 முதல் பணியிடத்தில் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டப் பிரிவும் அங்கே நடைமுறைக்கு வந்தது.

வழக்க வேறுபாட்டுக்கு இணங்குதல், சுபாவக் குறைக்குப் பொறுமை, அநீதிக்கு நேர்மையான எதிர்ப்பு என்பதே முறை. மருந்துகளை மாற்றிக் கொடுத்தால் நோய் பெருகும். வழக்க வேறுபாட்டைக் கண்டு போராடுபவர் மூர்க்கராகிறார். அநீதியைப் பொறுத்துக்கொள்பவர் கோழையாகிறார்.

பற்றின்மையும் ஊதியமும்

இங்கே அன்பர்கள் சிலருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். 'பலனில் பற்று வைக்காமல் செயல்புரிய வேண்டும் என்று கர்மயோகம் போதிக்கிறது. அப்படியிருக்க, ஊதியத்துக்காகப் புகார் செய்வது பற்று ஆகாதா?' என்று அவர்கள் கேட்கலாம்.

இக்கேள்வியைக் கவனமாக ஆராய வேண்டும். கற்பிப்பது ஆசிரியரின் கடமை. ஊதியம் தருவது முதலாளியின் கடமை. மாணவன் தேர்ச்சி பெறுவானா, தலைவர் பாராட்டுவாரா, தாயார் மகிழ்வாரா என்பவைதாம் பலன்கள்; அவற்றில் மனத்தைக் கட்டிப்போடக் கூடாது. பேசி ஒப்புக்கொண்ட ஊதியம் மற்றவருடைய தர்மம். அதிலிருந்து அவர் தவறும்போது வாளாவிருந்தால், அவருடைய அதர்மத்துக்கு நாம் துணைபோனவர்களாகிறோம். நம்மிடம் செய்ததை அவர் அடுத்த ஆண்டு வரும் இளைஞரிடமும் செய்வார். தனக்காகக் கேட்கத் தயங்குபவர், பின்னால் வருபவருக்காகவாவது கேட்க வேண்டும். பகையின்றி, பழிவாங்கும் எண்ணமின்றிக் கேட்பதில்தான் பற்றின்மை வெளிப்படுகிறது.

கேட்பதற்கு அறிவும் தேவை. கொரியச் சட்டப்படி ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு, ஆண்டு ஒன்றுக்குக் குறைந்தது 30 நாள் ஊதியம் பணிமுடிவுத் தொகையாகத் தரப்பட வேண்டும். பணியிலிருந்து விலகியவருக்கு உரிய தொகை 14 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். மூன்று மாதங்களேனும் பணிபுரிந்தவரை நீக்குவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அல்லது அதற்கு ஈடான ஊதியம் வேண்டும். ஊதியப் பாக்கியை மூன்று ஆண்டுகள் வரை கோரலாம். ஐந்து பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் சிறு கூடங்களுக்குத் துன்புறுத்தல் தடைப் பிரிவு பொருந்தாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் பணிமுடிவுத் தொகை அவற்றுக்கும் உண்டு. ஊதியத்தில் 3.3 விழுக்காடு வரி மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால், தம்மை ஊழியராகக் கணக்கில் காட்டாமல் தனித் தொழில்புரிபவராகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஆசிரியர் உணர்ந்து விளக்கம் கேட்க வேண்டும். தொழிலாளர் அமைச்சகத்தின் தொலைபேசி எண் 1350. குடிவரவுத் துறையின் எண் 1345. ஒப்பந்தத்தின் நகல், ஊதியச் சீட்டுகள், பணிபுரிந்த நேரக் குறிப்பு ஆகிய மூன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைப்பவர், பின்னர் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இராது.

அடிமையாயிருந்த ஆசிரியர்

கடினமான எஜமானரைப் பற்றிப் பேசும்போது எபிக்டெட்டஸ் நினைவுக்கு வருகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள ஹியராபோலிஸில் பிறந்த அவர், ரோம் நகரில் எபாஃப்ரோடிட்டஸ் என்பவரிடம் அடிமையாக இருந்தார். அந்த எஜமானரும் ஒரு காலத்தில் அடிமையாயிருந்து, பின் நீரோ மன்னனின் செயலராக உயர்ந்தவர். விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ் தத்துவ ஆசிரியரானார். தத்துவ ஞானிகளை டொமீஷியன் மன்னன் ரோமிலிருந்து வெளியேற்றியபோது, அவர் கிரேக்க நாட்டின் நிகோபோலிஸுக்குச் சென்று பள்ளி நடத்தினார். அவரும் அயல் மண்ணில் கற்பித்தவரே.

அவருடைய போதனையின் மையம் ஓர் எல்லைக்கோடு. நம் எண்ணம், முயற்சி, விருப்பு வெறுப்பு ஆகியவை நம் வசத்தில் உள்ளன. உடைமை, பதவி, பிறர் கூறும் மதிப்பு ஆகியவை நம் வசத்தில் இல்லை. முதல் வகையில் முழுக் கருத்தையும் செலுத்துபவரை எவராலும் அடிமைப்படுத்த முடியாது என்பது அவர் கண்ட உண்மை. வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். தலைவரின் குணம் அவர் வசத்தில் இல்லை. அடுத்த 50 நிமிடங்கள் பன்னிரண்டு குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது என்பது முற்றிலும் அவர் வசத்தில் உள்ளது.

இங்கேதான் உண்மையான ஆபத்தும் இருக்கிறது. மேலிருந்து வந்த கோபத்தை நாம் நிறுத்தாவிட்டால் அது நம் வழியாகக் கீழே இறங்கி, ஆங்கில எழுத்தைத் தவறாக எழுதிய எட்டு வயதுச் சிறுமியின் மீது விழும். தலைவர் செய்த தவறு எதுவானாலும், அதற்கான தண்டனை அக்குழந்தைக்கு உரியதன்று. துன்பச் சங்கிலி தம்மோடு முடிவடையும்படி பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் அன்றைய சாதனையைச் செய்துவிட்டார்.

நாவடக்கமும் விலகும் முறையும்

மனம் கொதிக்கும்போது முதலாளியின் பெயரைக் குறிப்பிட்டு ஊரறியத் தூற்ற வேண்டும் என்று தோன்றும். கொரியாவில் இது ஆபத்தானது. அங்கே சொல்லியது உண்மையாகவே இருந்தாலும், பொது நலனுக்காகச் சொல்லப்படவில்லை எனில், அது அவதூறுக் குற்றமாகலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, தூற்றுவதால் மனம் ஆறுவதில்லை. மீண்டும் மீண்டும் அந்தக் காட்சியிலேயே வாழ்கிறது. குறையைத் தீர்க்கும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்வது புகார். அதிகாரம் இல்லாத ஆயிரம் பேரிடம் சொல்வது புலம்பல்.

சிலர் சம்பளம் வாங்கிய இரவே ஒருவருக்கும் சொல்லாமல் விமானம் ஏறிவிடுகின்றனர். உடலுக்கோ மானத்துக்கோ ஆபத்து எனில் உடனே வெளியேறுவதே முறை, அதில் குற்றமில்லை. மற்ற வேளைகளில் முன்னறிவிப்புத் தந்து, பாடக் குறிப்புகளை ஒப்படைத்து, குழந்தைகளிடம் விடைபெற்றுச் செல்வது மேலானது. மறுநாள் காலியான நாற்காலியைப் பார்த்து, 'நாம் என்ன தவறு செய்தோம்?' என்று எண்ணுபவர்கள் அக்குழந்தைகள்தாம்.

எவ்வளவு பொறுமையாலும் காக்க முடியாத நிலைமைகளும் உண்டு. ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கில உரையாடல் பள்ளி நிறுவனமாயிருந்த 'நோவா', 2007 அக்டோபரில் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. ஊதியம் பெறாத வெளிநாட்டு ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் நிராதரவாக நின்றனர். அவர்களுள் சிலர் ஒருவேளை உணவைப் பெற்றுக்கொண்டு பாடம் நடத்தினர். நிறுவனம் வீழ்ந்தபோதும் அவர்களிடம் கற்பிக்கும் ஆற்றல் எஞ்சியிருந்தது. முதலாளியால் தரவும் முடியாத, பறிக்கவும் முடியாத செல்வம் அதுவே.

சிந்தனைக்கு

இந்தப் பாடம் வெளிநாட்டில் கற்பிப்போருக்கு மட்டும் உரியதன்று. நாம் ஒவ்வொருவரும் இன்றிரவு அமைதியாக அமர்ந்து மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ளலாம். என்னை வருத்தும் செயல் வழக்க வேறுபாடா, சுபாவக் குறையா, அநீதியா? நான் பொறுமை என்று அழைப்பது உண்மையில் அச்சமா? எனக்கு மேலுள்ளவரின் கோபத்தை எனக்குக் கீழுள்ள யார் மீது நான் இறக்கி வைக்கிறேன்?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால், நாளை அவரிடம் ஒரு கனிவான சொல் பேசுவதிலிருந்து தொடங்கலாம்.