நல்ல தண்ணீரில் வளரும் நுளம்பு

மன்னார்–மதவாச்சி வீதியில் முருங்கனைச் சுற்றியுள்ள வயல்களுக்குக் கட்டுக்கரைக் குளம்தான் உயிர். குளத்துக்கு அருவி ஆறு தண்ணீர் தருகிறது. தேக்கத்தில் ஆற்றை மறித்து வாய்க்காலில் திருப்பிவிடுகிறார்கள். தண்ணீரோடு இவ்வளவு நெருங்கி வாழும் ஊரில் தண்ணீர், நுளம்பு, காய்ச்சல் என்ற மூன்றையும் பற்றி எல்லோரிடமும் ஒரு முடிவான கருத்து இருக்கும். அந்தக் கருத்துகளில் பல, அண்மைக் கால ஆராய்ச்சிகளில் சோதிக்கப்பட்டுவிட்டன. சோதித்த இடங்களும் தூரத்தில் இல்லை: மன்னார்த் தீவு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு. கட்டுரைகள் வேறு மொழியில் வெளிவந்து வேறு ஊர்களில் வாசிக்கப்படுகின்றன. இங்கே பழைய கருத்தே நடமாடுகிறது.

நம்பிக்கை: மலேரியா இலங்கையை விட்டே போய்விட்டது.

பாதி உண்மை. நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1999-இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் இருந்த நாடு இது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இரத்தப் பூச்சு எடுத்தும் மருந்து விசிறியும் வலை கொடுத்தும் ஊர் ஊராக உழைத்தவர்களின் சாதனை அது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் போனது நோய். நோயைக் காவும் நுளம்பு போகவில்லை. அறிவிப்பு வந்து மூன்று மாதம்தான். 2016 டிசம்பரில் மன்னார்த் தீவில் இலங்கை அதுவரை கண்டிராத ஒரு நுளம்பு பிடிபட்டது. அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். 2012-இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டியிலும் இது தலைகாட்டியது. பிறகு எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. மன்னாரில் கண்டபின் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள்.

2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில் ஒருவருக்கு மலேரியா வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளி ஒருவரைக் கடித்த உள்ளூர் நுளம்பு அவருக்குத் தொற்றைக் கொடுத்திருந்தது. உடனே கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ததால் அது அங்கேயே நின்றது. யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

நம்பிக்கை: நுளம்பு அழுக்குத் தண்ணீரில்தான் பெருகும். எங்கள் கிணறு சுத்தம்.

சாக்கடையில் பெருகும் நுளம்பு வேறு இனம். மலேரியா நுளம்புக்கு அனேகமாகத் தெளிந்த நீர் வேண்டும். ஸ்டீபன்சி விரும்புவது கட்டிய கிணறு, சீமெந்துத் தொட்டி, மூடாத தண்ணீர்த் தாங்கி. அதாவது நாம் சுத்தம் என்று நம்பும் இடங்கள்.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. கிணற்றின் ஓரமாக, அசைக்காமல், ஒரு வாளி தண்ணீர் மொண்டு வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிச் சற்று நேரம் விடுங்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலால் மூச்சு விடுபவை டெங்கு நுளம்பின் குடம்பிகளாகவோ வீட்டில் கடிக்கும் சாதாரண நுளம்பின் குடம்பிகளாகவோ இருக்கும். நீர்மட்டத்தோடு ஒட்டி, சிறு ஈர்க்குத் துண்டு போலக் கிடையாகப் படுத்திருந்தால் அது அனோபிலிஸ் வகை. அதற்கு மூச்சுக்குழல் கிடையாது. அதனால்தான் அப்படிப் படுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கையின் நிழல் விழுந்தால் விலுக்கென்று கீழே போகும், கொஞ்சம் பொறுத்து மேலே வரும். அனோபிலிஸ் எல்லாமே ஆபத்தான இனம் அல்ல. எந்த இனம் என்று சொல்லப் பயிற்சி வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டினால் போதும்.

மன்னாரில் ஸ்டீபன்சி கண்டபின் கிணறுகளில் குடம்பி தின்னும் சிறு மீன்கள் விடப்பட்டன. மீன் விட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று அவற்றை அள்ளி வெளியே கொட்டாதீர்கள். அதே சமயம், கிணற்று மீனைக் கொண்டுபோய்க் கட்டுக்கரையிலோ ஆற்றிலோ விடுவதும் பிழை. இப்படி விடப்படும் கப்பி மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கிணற்றுக்குள் அது காவல். குளத்தில் ஊர் மீனோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடும் அந்நிய இனம்.

நம்பிக்கை: கரையோரத்து உவர்த் தண்ணீரில் நுளம்பு வராது.

டெங்கைப் பற்றிய பாடப்புத்தகங்களே நெடுங்காலம் அப்படித்தான் சொல்லின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமி முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் எறியப்பட்ட போத்தல்கள், கைவிட்ட வள்ளங்கள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றில் லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் இருந்தன. கடல்நீரில் உப்பு லீற்றருக்குச் சுமார் 35 கிராம். நல்ல தண்ணீர் தேங்கும் இடங்களை மட்டும் தேடித் துப்புரவு செய்தால், கரையில் கவிழ்த்து வைக்காத பழைய வள்ளம் தப்பிவிடும். கடல்மட்டம் உயர்ந்து கிணறுகள் உவர்ப்பாகும் காலத்தில் இது இன்னும் பெரிய கேள்வி.

நம்பிக்கை: மழை பெய்தால்தான் மலேரியா. வரட்சியில் பயமில்லை.

1934-இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் வற்றி மணலில் குட்டை குட்டையாகத் தேங்கின. இலங்கையின் முதன்மை மலேரியா நுளம்பான அனோபிலிஸ் குலிசிபேசிசுக்கு வெயில் படும் அந்தக் குட்டைகள்தான் வேண்டியிருந்தன. 1934–35 கொள்ளைநோயில் இறந்தோர் தொகை சுமார் 80,000. அதிகம் பட்டது கேகாலை போன்ற, ஆறு எப்போதும் ஓடியதால் மலேரியாவை அவ்வளவாக அறியாத பகுதிகள். அருவி ஆறும் கோடையில் குட்டை குட்டையாகத்தான் கிடக்கிறது.

நம்பிக்கை: எல்லா நுளம்பையும் கொல்ல முடியாது, ஆகவே முயற்சி வீண்.

இதற்குப் பதில் சொன்னது மருத்துவம் அல்ல, கணிதம். 1897-இல் செகந்திராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ரொஸ், பின்னர் சமன்பாடுகளோடு உட்கார்ந்தார். நுளம்பின் தொகை ஒரு எல்லைக்குக் கீழே போனால் போதும், ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்குக்கூடத் தொற்றைக் கொடுக்க மாட்டார், நோய் தானாக அணையும் என்று காட்டினார்.

1950-களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அந்தக் கணக்கை மேலே கொண்டுபோனார். நுளம்பின் தொகையைவிட அதன் ஆயுள்தான் பெரிய விடயம் என்பது அவர் கண்டது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நோயாளியைக் கடித்த நுளம்புக்குள் கிருமி முற்ற ஏறக்குறைய பத்து நாள் வேண்டும். ஒவ்வொரு நாளும் நூற்றுக்குத் தொண்ணூறு நுளம்பு உயிரோடு மிஞ்சினால் பத்தாம் நாளில் சுமார் 35 இருக்கும். ஒரு நாளைக்கு எண்பது வீதம் மட்டும் மிஞ்சினால் பத்தாம் நாளில் 11-தான். நாளாந்தம் சிறு வித்தியாசம்; முடிவில் ஆபத்தான நுளம்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே. சுவரில் மருந்து விசிறுவதும் மருந்து தோய்த்த வலை கட்டுவதும் வேலை செய்வது இந்தக் கணக்கினால்தான். ஒரு வீட்டார் வலை கட்டிப் படுப்பது அடுத்த வீட்டுப் பிள்ளையையும் காக்கிறது.

நம்பிக்கை: நோயே இல்லாதபோது எதற்குச் செலவு?

மிக ஆபத்தான கருத்து இதுதான். படித்தவர்களும் சொல்வதால் கூடுதலாக வலிக்கிறது. 1963-இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். வெற்றி என்று எண்ணி மருந்து விசிறுவது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. காடு வெட்டிக் குடியேறிய இடங்களிலும் மாணிக்கக்கல் அகழ்ந்த குழிகளிலும் நுளம்பு பெருகியது. 1969-இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். மிச்சம் பிடித்த பணத்தைப் போல எத்தனை மடங்கு மருந்துக்கும் இழந்த நாட்கூலிக்கும் போயிருக்கும் என்பதை எந்த வணிகரும் கணிப்பார். தடுப்புச் செலவின் இலாபம் வரவுப் பக்கத்தில் எழுதப்படுவதில்லை. நடக்காமல் போன நட்டத்துக்கு யாரும் பற்றுச்சீட்டுத் தருவதில்லை.

நம்பிக்கை: காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான். இரண்டு பனடோல் போட்டால் சரி.

காலபோகத்தில் வயல் சேற்றில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். அதைத் தருவது லெப்ரோஸ்பைரா என்ற சுருள் பற்றீரியா. பெயர் எலியுடையது என்றாலும் மாடும் நாயும்கூடச் சிறுநீரில் அதை வெளியேற்றும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் அது உயிரோடு கிடந்து, காலின் வெடிப்பு வழியாக உள்ளே போகும். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் சில நாட்களுக்குள் பலர் இறந்தபோது முதலில் காரணம் புரியவில்லை. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. நேரத்தோடு கண்டால் சாதாரண அன்ரிபயோட்டிக்கே குணப்படுத்தும் நோய் அது. வயலில் இறங்குமுன் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா மூன்றும் முதல் இரண்டு நாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும்: காய்ச்சல், தலையிடி, உடல் உளைவு. நெற்றியில் கை வைத்துப் பிரிக்க முடியாது, இரத்தம்தான் சொல்லும். இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடுகளுக்கோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், வந்து சில மாதங்கள் ஆகியிருந்தாலும், அந்தப் பயணத்தை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வைவக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு எழும். வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்: மலேரியாவுக்கும் இரத்தம் பார்ப்பீர்களா? அந்தப் பரிசோதனை அரச வைத்தியசாலையில் இலவசம். இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு பக்கத்தில், ஸ்டீபன்சி குடியேறிய கரையில் வாழும் நாம் அதைக் கேட்கத் தயங்கக் கூடாது.